தோவாளைப் பூவும் துபாய் ஓணமும்

இரவு 2 மணி. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிற தோவாளை மட்டும் விழித்திருக்கிறது. லாரிகளும் டெம்போக்களும் வரிசையாக நிற்கின்றன. ஓசூர், பெங்களூரு பக்கத்தில் இருந்து கேந்தியும் ரோஜாவும் வந்து இறங்குகின்றன. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகை தனியாக வருகிறது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தங்கள் தோட்டத்துப் பிச்சி, அரளி, வாடாமல்லி, கோழிக்கொண்டையைச் சாக்கிலும் கூடையிலும் கொண்டு வந்து சேர்க்கிறார்கள். விடியும் முன்பே பாதிப் பூ கை மாறிவிடும்.

தோவாளைப் பூச்சந்தை ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஆனால் ஆவணி மாதத்து அத்தம் நட்சத்திரம் தொடங்கித் திருவோணம் வரைக்குமான 10 நாள்கள் வேறு கணக்கு. களியக்காவிளை எல்லையைத் தாண்டி திருவனந்தபுரம், கொல்லம், அதற்கு அப்பாலும் வீட்டு வாசல்தோறும் அத்தப்பூக்களம் போட வேண்டும். அதற்கான பூவில் பெரும்பங்கு இந்தச் சந்தை வழியாகத்தான் போகிறது. கேரள வியாபாரிகள் இரவோடு இரவாக வந்து காத்திருப்பார்கள். நிறம்தான் முதலில் விலை போகும். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கேந்தி, ஊதாவுக்கு வாடாமல்லி, சிவப்புக்குக் கோழிக்கொண்டையும் அரளியும், வெள்ளைக்குப் பிச்சியும் மல்லிகையும்.

இந்தப் பூவில் ஒரு பகுதி களியக்காவிளையோடு நிற்பதில்லை. அட்டைப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, திருவனந்தபுரம் விமான நிலையம் போய், அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிறது. நான்கைந்து மணி நேரப் பயணம். தோவாளையில் விடியற்காலை எடை போட்ட பூ, மறுநாள் காலையில் துபாயிலோ தோகாவிலோ ஓர் அலுவலக வாசலில் வட்டமாக விரிந்து கிடக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்து இதழ் பிய்க்கிறவர்களில் மலையாளிகள் மட்டும் இல்லை, தக்கலைப் பையனும் இருப்பான், மார்த்தாண்டத்துப் பெண்ணும் இருப்பாள்.

தமிழனுக்கு ஏது ஓணம்?

வளைகுடாவில் வேலை பார்க்கும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கிற கேள்வி இது. மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் கேட்பார்கள். கூட வேலை பார்க்கும் மலையாளிகளும் கேட்பார்கள். "நீங்க தமிழாச்சே, உங்களுக்கு எப்படி ஓணம்?"

பதில் 1956-ல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அதற்கு முன்பு பல தலைமுறைகளாகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. மொழி தமிழ், அரசு திருவிதாங்கூர். நாஞ்சில் நாட்டு நெல்தான் அந்த சமஸ்தானத்துக்குச் சோறு போட்டது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906-ல் முடித்ததும் இந்த வயல்களுக்காகத்தான். மொழிவழி மாநிலம் அமைந்தபோது இந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் சேர்ந்தன. எல்லைக் கோடு நகர்ந்தது, அடுக்களை நகரவில்லை. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் அப்படியே இருந்தன, ஓணமும் இருந்தது.

இன்றைக்கும் திருவோணத்தன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அதற்கு ஈடாகப் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். தக்கலை அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஓண நாளில் அங்கேயும் பூக்களம் போடுவார்கள், ஊஞ்சல் கட்டுவார்கள்.

இரண்டு பூ, இரண்டு பண்டிகை

ஓணம் இங்கே ஒட்டிக்கொண்டதற்கு வயலும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகக் கிடைக்கிற மாவட்டம் இது. அதனால் நெல்லுக்கு இரண்டு போகம். சித்திரையில் தொடங்குவது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் நட்டு வளர்ப்பது கும்பப்பூ. மலையாளக் கணக்கில் சித்திரைக்குப் பிறகு வரும் கன்னி மாதத்தை ஒட்டி முடிவது கன்னிப்பூ, கும்ப மாதமான மாசியில் அறுப்பது கும்பப்பூ என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் தைப்பொங்கல் வரும்போது புது நெல் வீட்டுக்கு வந்துவிடும். நாஞ்சில் நாட்டில் தை முதல் நாளில் கும்பப்பூ வயல் பெரும்பாலும் கதிர் முற்றாமல் நிற்கும். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் போக வேண்டும். கன்னிப்பூ அறுப்போ ஆவணியை ஒட்டி வரும். அதாவது, களத்தில் புது நெல் கிடக்கிற நேரத்தில் வரும் பண்டிகை ஓணம். கோயில்களில் புது நெற்கதிரை வைத்து வணங்கும் நிறைபுத்தரிசிப் பூஜையும் ஓணத்துக்குச் சற்று முன்பு நடக்கிறது. அன்று கோயிலில் தருகிற கதிரை வீட்டு நிலையில் கட்டித் தொங்க விடுவது வழக்கம். அடுத்த ஆண்டுக் கதிர் வரும் வரை அது அங்கேயே இருக்கும்.

பொங்கலும் இங்கே குறைவாக நடப்பதில்லை. வாசலில் கட்டிகளை வைத்து அடுப்புக் கூட்டி, பனையோலையில் தீ மூட்டி, பால் பொங்கும்போது குரவையிடுவார்கள். பனங்கிழங்கும் மஞ்சள் குலையும் கரும்பும் உண்டு. கன்னிப்பூவுக்கு ஒரு பண்டிகை, கும்பப்பூ முற்றி வரும் நேரத்தில் ஒரு பண்டிகை என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் நாஞ்சில் நாட்டு மக்கள்.

இலையில் இருப்பது யார் வயல்?

ஓணச் சாப்பாட்டு இலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒரு தோட்டம் முழுவதும் அதில் தெரியும்.

முதலில் இலை. சாப்பாட்டுக்குத் தலைவாழை இலைதான் வேண்டும். ஓண வாரத்தில் இலைக்கட்டுக்குக் கிடைக்கிற விலை மற்ற நாளில் கிடைக்காது. ஆனால் ஆடிக்காற்று அடங்காத காலம் அது. கிழியாத இலை கிடைப்பது பாடு. காற்று மறைவான தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் கைகொடுக்கும்.

இலையின் இடது ஓரத்தில் உப்பேரியும் சர்க்கரை வரட்டியும். இரண்டும் ஏத்தங்காய். கொஞ்சம் தள்ளி ஒரு பழம். சில வீடுகளில் ஏத்தன், சில வீடுகளில் மட்டி. கல்குளம், விளவங்கோடு பகுதி மலையோரங்களில் விளைகிற மட்டிப்பழம் மெல்லிய தோலும் வாசனையும் கொண்டது. கைக்குழந்தைக்குக்கூடக் கொடுப்பார்கள். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அவியலிலும் ஓலனிலும் பாயசத்திலும் தேங்காய். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பெரிய காய், நல்ல பருப்பு. சோறு என்றால் தடித்த சிவப்பு அரிசி. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த டி.பி.எஸ். ரகங்கள் இங்கே தடித்த அரிசிக்குப் பேர் போனவை. பாயசத்தில் கிராம்பும் ஏலக்காயும் மணக்கும். கிராம்பு மாறாமலை, கரும்பாறை மலைப்பகுதித் தோட்டங்களில் விளைகிறது.

வாசலில் போட்ட பூக்களம் தோவாளை. அந்த ஊரில் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை இலை ஆகியவற்றை மடித்து மடித்துக் கட்டுகிற மாணிக்க மாலை, இரத்தினம் பதித்ததுபோல இருக்கும். 2025-ல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது.

இத்தனையும் 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைக்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், 45 டிகிரி வெயிலில் நின்றுகொண்டு அதே இலையைப் போட வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்?

வார விடுமுறையில் வருகிற திருவோணம்

முதல் சிக்கல், திருவோணத்தன்று அங்கே விடுமுறை இல்லை. கட்டட வேலை, கப்பல் பட்டறை, மருத்துவமனை, கடை என எதுவாக இருந்தாலும் அன்று வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் ஓணம் அடுத்து வருகிற வார விடுமுறைக்குத் தள்ளிப் போகும். முன்பு வளைகுடா முழுவதும் வெள்ளிக்கிழமை ஓணம்தான். 2022 ஜனவரியில் இருந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் சனி, ஞாயிறு வார விடுமுறை ஆனது. வெள்ளி அரை நாள் வேலை. ஓணமும் அதோடு சேர்ந்து இடம் மாறியது.

ஊரில் திருவோணம் முடிந்தால் ஓணம் முடிந்தது. அங்கே அப்படி இல்லை. ஒரு வாரம் அலுவலகத்தில், மறுவாரம் ஊர்க்காரர்கள் சேர்ந்து, அதற்கடுத்த வாரம் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடி என்று இரண்டு மூன்று மாதம் வரைக்கும்கூட நீளும். மண்டபம் கிடைக்கிற நாளே திருவோணம். பூவும் இலையும் அத்தனை வாரமும் வேண்டியிருக்கிறது. உள்ளூர்ச் சந்தையில் திருவோணத்துக்கு மறுநாளே விலை விழுந்துவிடும் என்று கைவிட்டுவிடுகிற விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது சிக்கல், அறை. ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில். ஒரே அடுக்களையை எல்லா அறைக்காரர்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். அதனால் முந்தின நாள் இரவே வேலையைப் பங்கிட்டுவிடுவார்கள். ஒருத்தன் காய் வெட்டு. ஒருத்தன் தேங்காய். ஊரில் அம்மா வெட்டிப் போட்ட அவியலைச் சாப்பிட்டு மட்டுமே பழகியவனுக்கு, முருங்கைக்காயை எந்த நேரத்தில் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் சந்தேகமாக வரும். உடனே வீடியோ அழைப்பு. இந்தியாவில் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற கடிகாரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பாதித் தூக்கத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "மக்களே, தயிரை அடுப்பை அணைச்ச பொறவு ஊத்து, இல்லேன்னா திரிஞ்சு போவும்" என்று சொல்லிக் கொடுப்பார். அடுத்த நொடியே "நீ ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றும் கேட்பார்.

வாழை இலை அங்கே கடையில் கிடைக்கும். ஆனால் ஓர் இலைக்குக் கொடுக்கிற காசை ஊர் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் தோட்டத்துக்காரன் மகனுக்கு மனம் வராது. பலர் இலைபோல் அச்சடித்த காகிதத்தை விரித்துக் கொள்கிறார்கள். பூ தீர்ந்துவிட்டால் அல்லது வெயிலில் சுருண்டுவிட்டால், சாயம் ஏற்றிய அரிசியும் கல்லுப்பும் களத்தை நிரப்பும். தாக்குப் பிடிப்பது வாடாமல்லி ஒன்றுதான். பெயருக்கேற்ற பூ. தூரத்துச் சந்தைக்கு எது தாங்கும் என்று பார்த்து நடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

விடுமுறை முடிந்து திரும்புகிறவரின் பெட்டிதான் அறைக்கு ஓணம் கொண்டு வரும். விமானத்தில் 20 கிலோ, 30 கிலோ என்று அளவு உண்டு. வீட்டுத் தராசில் நிறுத்து, சட்டையை எடுத்து வைத்துவிட்டு உப்பேரிப் பொட்டலத்தை உள்ளே தள்ளுவார்கள். அதில் தவறாமல் இருப்பது முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்த சிறுபயறும் தேங்காயும் சர்க்கரைப் பாகும். உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். பல நாள் கெடாது. தேங்காய் எண்ணெய், கருப்புக்கட்டி, சம்பா அரிசி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் போகும். கொப்பரைத் தேங்காயை மட்டும் பெட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் விமானத்தில் அனுமதி இல்லை.

பொங்கலும் குடிலும்

ஓணத்தைப் போலத்தான் மற்றப் பண்டிகைகளும். பொங்கல் ஜனவரி நடுவில் வரும். அங்கே அப்போது குளிர்காலம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பனையோலை எரிக்க முடியாது. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். மின் அடுப்பில் வெண்கலப் பானைக்குப் பதில் குக்கர். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்துபோகும் என்ற பயத்தில், வழிய விடலாமா வேண்டாமா என்று நான்கு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். கடைசியில் ஒரு சொட்டாவது வழிந்தால்தான் திருப்தி.

கிறிஸ்துமஸ் இந்த மாவட்டத்தின் இன்னொரு பெரிய பண்டிகை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவிகிதம் பேர் கிறிஸ்தவர்கள். டிசம்பர் பிறந்தாலே தெருத்தெருவாக நட்சத்திரமும் குடிலும் எழும். குடிலுக்கு வைக்கோல் வேண்டும், முளைத்த பச்சைப் பயிர் வேண்டும். வளைகுடாக் கடலில் மீன் பிடிக்கப் போயிருக்கிற கடற்கரை ஊர்ப் பையன்களும் மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கிற செவிலிப் பெண்களும் அந்த நேரத்தில் தவிப்பது குடிலை நினைத்துத்தான். அட்டைப் பெட்டியை வெட்டி, பழைய செய்தித்தாளைக் கசக்கி மலை செய்து, தட்டில் வெந்தயம் முளைக்க வைத்து அறை மூலையில் குடில் கட்டிவிடுவார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு முளைப்பாரி வளர்க்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பண்டிகையை நம்பி நடுகிறவர்கள்

பிள்ளைகளின் ஓணம் தள்ளிப் போகலாம். விவசாயியின் ஓணம் ஒருநாள்கூடத் தள்ளிப் போக முடியாது.

ஏத்தன் வாழைக்கு ஏறத்தாழ 10 மாதம். நட்ட ஏழாம் மாதம் குலை தள்ளும். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் காய் முற்றும். ஓணத்துக்கு வெட்ட வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் கன்று நட்டாக வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,000 வாழை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருவோணம் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. 2023-ல் ஆகஸ்ட் 29. 2024-ல் செப்டம்பர் 15. 2025-ல் செப்டம்பர் 5. 2026-ல் ஆகஸ்ட் 26. ஒரு பதினைந்து இருபது நாள் முன்னே பின்னே ஆகிவிடும். போன ஆண்டு நட்ட தேதியையே இந்த ஆண்டும் பிடித்துக்கொண்டால், குலை முற்றாமலே ஓணம் போய்விடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திருவோணத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணி நடுகிறவர்கள் தப்பிக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக நடுவதும் நல்லது. கேந்தி, வாடாமல்லிக்கும் இதே கணக்குதான். நாற்று நட்ட இரண்டு மாதத்தில் பூ வெட்டுக்கு வர வேண்டும்.

தேதி சரியாக அமைந்தாலும் காற்று விட வேண்டும். ஊன்றுகம்பு இல்லாத ஏத்தன் தோட்டம் ஆடிக்காற்றுக்கு நிற்காது. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் தென்னையும் சாய்ந்தன. அந்த வாழையில் பெரும்பகுதி அடுத்த ஓணத்தை நினைத்து நட்டது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்களில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறாத வீடுகள் பல.

எஞ்சியவர்கள் காத்திருந்த 2018 ஓணத்துக்கு முன்பு கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அரசு ஓண விழாவை ரத்து செய்தது. துக்க வீட்டில் யார் பூக்களம் போடுவார்கள்? 2020-ல் கொரோனா. எல்லைப் போக்குவரத்தே சுருங்கிக் கிடந்தது. பொது இடங்களில் பூக்களப் போட்டி இல்லை. 2024-ல் வயநாடு நிலச்சரிவை அடுத்து மறுபடியும் அரசு விழா ரத்தானது. ஒவ்வொரு தடவையும் முதல் அடி விழுந்தவர்களின் துயரத்துக்கு ஈடு கிடையாது. அதே நேரம், தோவாளையில் கடன் வாங்கிக் கேந்தி நட்டவரின் கணக்கும் அந்த வாரம் தலைகீழாகிப் போனது.

போதாததற்குக் கேரளமே இப்போது தன் ஓணப் பூவை விளைவிக்கத் தொடங்கியிருக்கிறது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஓணத்தைக் குறிவைத்துக் கேந்தி நடுகின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் சிறு விவசாயிகள்தாம். ஆனால் ஒரே ஒரு பண்டிகையை, ஒரே ஒரு சந்தையை நம்பி நடுகிற காலம் சுருங்கி வருகிறது என்பதைத் தோவாளைக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கேதான் வெளிநாட்டில் நீண்டு போகிற அந்த இரண்டு மூன்று மாத ஓணம் பயன்படும். தனி ஒரு விவசாயி பூவையும் இலையையும் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புவது எளிதல்ல. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். அபெடாவில் பதிவு வேண்டும். பூச்சி, நோய் இல்லை என்று தாவர நலச் சான்றிதழ் வேண்டும். குளிரூட்டிய வண்டியும் விமானத்தில் இடமும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் இந்தச் செலவைப் பகிர்ந்து கொள்ளலாம். பூவைப்போல ஒரே நாளில் வாடாத உப்பேரி, சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து போன்றவற்றை உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்து, தேதியும் எடையும் அச்சிட்டு விற்கிற மகளிர் குழுக்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. வாங்குகிறவர்கள் யாரோ அல்லர். அறையில் இருக்கிற அதே பிள்ளைகள்தாம்.

போய்த் திரும்புகிற தெய்வங்கள்

ஓணம் முடிந்து சில வாரங்களில் நவராத்திரி வரும். அப்போது இந்த மாவட்டத்தில் ஓர் ஊர்வலம் புறப்படும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேல், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பல்லக்கில். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு தொடங்கிய வழக்கம் இது. மூன்று தெய்வங்களும் ஊரை விட்டுப் போய், எல்லை தாண்டி, வேற்றூரில் பண்டிகை கொண்டாடும். களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துக் காவலரும் மரியாதை செய்து வழியனுப்புவார்கள். நவராத்திரி முடிந்ததும் மூன்றும் வந்த வழியே திரும்பி வந்து சேரும். ஊர் மக்கள் வாசல் தெளித்துக் காத்திருப்பார்கள்.

பிள்ளைகளும் இப்படித்தான் போகிறார்கள். திரும்பி வருவது மட்டும் உறுதியாகத் தெரிவதில்லை.

நாஞ்சில் நாட்டு நெல் வயல் சுருங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. கூலி, விலை, கால்வாய்த் தண்ணீர், மனைக்குப் போன நிலம். பிள்ளைகள் வெளியேறியதும் அதில் ஒன்று. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பல வீடுகளில் வயல் விற்காமல் இருப்பதே வளைகுடாவில் இருந்து வருகிற பணத்தால்தான். மோட்டார் மாற்றியதும், தென்னைக்குச் சொட்டுநீர் போட்டதும், ஏத்தனுக்கு ஊன்றுகம்பு வாங்கியதும் அந்தப் பணம். அப்பா நட்டுக்கொண்டிருக்கிறார், மகன் அனுப்பிக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்குப் பிறகு யார் நடுவது என்ற பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

ஓணத்துக்கு மறுவாரம் அறையில் இருந்து வீட்டுக்கு ஒரு படம் வரும். கட்டிலை ஓரமாகத் தள்ளி, தரையில் காகித இலை விரித்து, எட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் இருவர் மலையாளிகள், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் நேபாளமாகக்கூட இருக்கலாம். அம்மா படத்தைப் பெரிதாக்கி, இலையில் எத்தனை கறி இருக்கிறது என்று எண்ணுவார். இஞ்சிக்கறி இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உப்பேரியைப் பார்ப்பார். அது தன் தோட்டத்து ஏத்தங்காய்.

குலை வெட்டிய வாழை மூட்டில் ஊசிக்கன்றுகள் கிளம்பியிருக்கும். அவற்றில் நல்லதாகப் பார்த்துப் பெயர்த்து, வேரைச் சீவி, சாணிக் கரைசலில் முக்கி நிழலில் அடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்தாக வேண்டும். அடுத்த திருவோணம் எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அப்பா மகனுக்குச் சொல்வார். குலை வெட்டுகிற வாரத்தைக் கணக்குப் பண்ணி மகன் விடுமுறைக்கு எழுதிப் போடலாம் அல்லவா?